விளம்பரப் பொறுப்பு: ஜெசிந்தா

இரண்டாவது ஸ்லைடு வரைக்கும்தான் கவனித்தேன். மூன்றாவதில் ‘ப்ரமோஷன் பிளான்’ என்று வந்ததும் நான் போய்விட்டேன். உடம்பு மட்டும் இங்கே, கோயம்புத்தூரில், எங்கள் கல்லூரி விஸ்காம் துறையின் ரிவ்யூ அறையில், முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் மதிப்பெண் தாளும் கையில் மூடி திறந்த பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறது. மதியம் இரண்டே கால். சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம் நெஞ்சிலேயே நிற்கிறது. திரைக்குப் பக்கத்தில் நிதர்சன் நின்று கையை வீசி வீசிப் பேசுகிறான். மூன்றாம் வருடப் பையன், நல்ல பையன், எதைச் சொன்னாலும் விற்கிற மாதிரியே சொல்லுவான். “மேம், மொதல்ல டீசர் மேம், பதினஞ்சு செகண்ட். அப்புறம் மூணு ரீல்ஸ். பாட்டு வர்றதுக்கு முன்னாடியே பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும் மேம்.” அவனுக்குப் பின்னால் அவன் குழு. அதில் பாடுகிற பெண் வெண்மதி, துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். பாட்டு வர்றதுக்கு முன்னாடியே பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். இதை நான் எங்கே கேட்டேன்? கேட்கவில்லை, சொன்னேன். இதே மாதிரி கையை வீசிக்கொண்டு, பாளையங்கோட்டையில், கல்லூரி கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், இரண்டாயிரத்து ஒன்பதில், இரண்டே இரண்டு பேரிடம் சொன்னேன். அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அய்யாத்துரை சத்தமாக. பிரம்மசக்தி சத்தமில்லாமல், வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு.

பிரம்மசக்தி. பிரம்மு என்றுதான் நாங்கள் கூப்பிடுவது. தினமும் காலையில் மூலைக்கரைப்பட்டியிலிருந்து ஏழு பத்து பஸ்ஸில் வருவாள். எண்ணெய் வழிய வாரிய தலை, தோளில் ஒரு ரெக்சின் பை, பைக்குள் மூன்று அடுக்கு டிபன்பாக்ஸ். அதில் ஒரு அடுக்கு எனக்கு என்பது முதல் வருடமே முடிவாகிவிட்டது. அவளுக்குப் பேச்சு திக்கும். ‘ம’வில் தொடங்கும் வார்த்தையும் ‘க’வில் தொடங்கும் வார்த்தையும் மற்றதைவிட அதிகம் படுத்தும். வருகைப்பதிவு எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவாள். ஆனால் பாடினால் திக்காது, ஒரு சொல்லில்கூடத் திக்காது. அதைக் கண்டுபிடித்துவிட்டதால் எங்களோடு பேசும்போது கஷ்டமான சொல் வந்தால் லேசாக ராகம் போட்டுவிடுவாள். கேன்டீனில் டீ கேட்பதைக்கூட இழுத்துப் பாடித்தான் கேட்பாள். டீக்கடை அண்ணன் அதற்காகவே அவளை இரண்டு தடவை கேட்க வைப்பார். மற்ற நேரத்தில் அவள் சொல்லைத் தொடங்குவாள், நான் முடித்து வைப்பேன். “க... க...” என்றால் “கேமராவா?” என்பேன். சரியாகத்தான் இருக்கும், பெரும்பாலும். ஒரு தடவை என் தொடையில் ஓங்கி அடித்தாள். “நீ சொல்லாத பிள்ள. நான் சொல்லுதேன்.” சரி சரி என்றேன். அடுத்த அரைமணி நேரத்தில் மறுபடியும் சொல்லியிருப்பேன். எனக்கு அவசரம். எல்லாவற்றிலும் அவசரம் அப்போது.

“ஷாட் லிஸ்ட் காட்டு,” என்று நான் சொல்கிறேன் இப்போது. என் குரல் சரியாகத்தான் வருகிறது. நிதர்சன் பின்னால் போய் ஸ்லைடை மாற்றுகிறான். ட்ரோன் ஷாட், ஸ்லோமோஷன், மழை. “மழைக்கு என்ன பண்ணப்போற?” “டேங்கர் மேம். சித்தப்பா வச்சிருக்காரு மேம்.” சிரித்துக்கொள்கிறேன். எங்களுக்கும் ஒரு மாமா இருந்தார், அய்யாத்துரையின் மாமா. சுரண்டையில் கல்யாண வீடியோ எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் கேமரா சும்மாதானே கிடக்கும் என்று அய்யாத்துரை போய் வாங்கிவந்தான். டேப் போடுகிற கேமரா. அந்த டேப்பில் ஏற்கனவே யாருடையதோ வளைகாப்பு இருந்தது. அதன் மேலேதான் எங்கள் பாட்டை எடுத்தோம். எடிட் பண்ணும்போது இரண்டு ஷாட்டுக்கு நடுவில் திடீரென்று ஒரு அம்மா கை நிறைய வளையலோடு எட்டிப் பார்ப்பாள். பிரம்முவுக்கு அந்த அம்மாவை வெட்டவே மனசில்லை. “இருக்கட்டும். எவ்வளவு ச... சந்தோசமா இருக்கா பாரு.” கடைசியில் வெட்டிவிட்டோம். வெட்டாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் அதை ‘மெட்டா’ என்பார்கள், படத்துக்குள் படம் என்று.

பாட்டு அவள் எழுதியது. அவள் பஸ்ஸைப் பற்றி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, யாரும் கேட்கவில்லை என்று நினைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் பின்பெஞ்சில் படுத்துக் கிடந்தேன். ‘சன்னலோரம் யாரு விட்ட மூச்சு, கண்ணாடியில மேகமாகிப் போச்சு.’ எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். ப்ராஜெக்டுக்கு டாக்குமெண்டரி என்று எழுதிக்கொடுத்திருந்ததை அடித்துவிட்டு ‘மியூசிக் வீடியோ’ என்று எழுதிக்கொடுத்தேன். பாட்டு: பிரம்மசக்தி. ஒளிப்பதிவு: அய்யாத்துரை. விளம்பரப் பொறுப்பு: ஜெசிந்தா. எனக்கு வேறொன்றும் தெரியாது, பாட்டும் வராது, கேமராவும் நடுங்கும், அதனால் விளம்பரம். எங்கள் சார் “இதுக்கெல்லாமா பொறுப்பு?” என்று கேட்டார். “சார், எடுத்தா மட்டும் போதுமா, ஊரு பாக்க வேண்டாமா?” என்றேன். அப்போதெல்லாம் பதில் உடனே வரும் எனக்கு.

கண்ணாடியில் மேகம். அதில்தான் முதல் சண்டை. அய்யாத்துரை கேட்டான், “திருநவேலி வெயில்ல எந்தக் கண்ணாடியிலட்டி மூச்சு மேகமாவும்? நீ என்ன ஊட்டியிலேருந்தா வாற?” பிரம்மு ராகம் போடாமல், திக்கித் திக்கி, முகம் சிவக்க, அது கற்பனை என்று சொன்னாள். கற்பனையைக் கேமராவில் எடுக்க முடியாது என்றான் அவன். நான்தான் ஐஸ் யோசனை சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மீன் மார்க்கெட். விடியற்காலையில் போய், மீன்பெட்டியிலிருந்து ஒரு பாளம் ஐஸ் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி, மூவரும் பஸ் பிடித்து மூலைக்கரைப்பட்டிக்குப் போனோம். அங்கிருந்து ஏழு பத்து பஸ். பிரம்மு சன்னலோரம். நான் அவள் காலடியில் குனிந்து உட்கார்ந்து கண்ணாடியில் ஐஸைத் தேய்க்கிறேன். அய்யாத்துரை கம்பியில் சாய்ந்து கேமராவைப் பிடிக்கிறான். பஸ் முழுக்கச் சாளைமீன் நாற்றம். பூக்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏ பிள்ளைகளா, பாட்டு எடுக்கியளா, மீன் விக்கியளா?” என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. பிரம்முவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கண்ணாடி உண்மையாகவே மங்கியது. ஐஸ் குளிர்ச்சியில் அவள் மூச்சு பட்டு ஒரு சின்ன வெள்ளை வட்டம். “எடு, எடு, எடு!” என்று நான் கத்தினேன். எடுத்துவிட்டான். நாலு நொடி. அந்த நாலு நொடியை மட்டும் நான் எத்தனையோ வகுப்பில் எத்தனையோ பேருக்கு வாயால் சொல்லியிருக்கிறேன், இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று. மீதியைச் சொன்னதில்லை. எப்போதும் அந்தக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்வேன். பூக்கார அக்கா இறங்குமுன் கேமராவில் தன்னைக் காட்டச் சொல்லி அடம்பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். “கருப்பா விழுந்திருக்கு,” என்றாள்.

மின்விசிறி டக்டக்கென்று அடித்துக்கொள்கிறது. நிதர்சன் என்னவோ கேட்டிருக்கிறான், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். “மேம், ஹேஷ்டேக் தமிழ்லயா இங்கிலீஷ்லயா மேம்?” “ரெண்டும்,” என்கிறேன். குறித்துக்கொள்கிறான். எங்களுக்கு ஹேஷ்டேக் இல்லை. மொபைல் கடைகள் இருந்தன. நினைத்தாலே இப்போதும் கால் வலிக்கிறது, இனிக்கவும் செய்கிறது. அப்போது மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடைகள் தெருவுக்கு நாலு இருக்கும். ரீசார்ஜ் பண்ண வருகிறவன் கார்டை நீட்டி “புதுப் பாட்டு போடுண்ணே” என்றால் கடைக்காரர் ஒரு மொத்தமாக அள்ளிப் போடுவார். அந்த மொத்தத்துக்குள் எங்கள் பாட்டு இருந்தால் போதும். இதுதான் என் திட்டம். பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்து, முருகன்குறிச்சி, வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் வரைக்கும் கடை கடையாக ஏறினேன். பிரம்முவும் வருவாள். கடைக்குள் வரமாட்டாள், வெளியே வெயிலில் நிற்பாள். “அண்ணே, இந்தா நிக்காள்லா, அவ பாடுனதுதான்,” என்று நான் கை காட்டுவேன். அவள் சட்டென்று வேறு பக்கம் திரும்பி எதிர்க்கடைப் பலகையைப் படிப்பாள். ஒரு கடைக்காரர் பாட்டை ஸ்பீக்கரில் போட்டார். ரோட்டில் போன சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார். பிரம்மு அதைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் சர்பத் வாங்கிக் கொடுத்தபோது, “நி... நின்னு கேட்டாருல்லா?” என்றாள். “நின்னு கேட்டாரு,” என்றேன். மறுபடி அதையே கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். சர்பத்தில் நன்னாரி அதிகம். தொண்டை வரை அந்த வாசனை. அந்த மாலை அவ்வளவு நன்றாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை நான்? சைக்கிள்காரர் ஒருவர் போதவில்லை எனக்கு. ஊரே காலை ஊன்றி நிற்க வேண்டும்.

அதனால் கேபிள் சேனல். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. ஒரு வீட்டு மாடியில் நீலத் திரை கட்டி நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ‘உள்ளூர்க் குயில்’ மாதிரி ஏதோ ஒரு நிகழ்ச்சி. நடத்துகிறவர் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு, கழுத்தில் வியர்வை வழிய, அன்பாகத்தான் பேசினார். சனிக்கிழமை சாயங்காலம் நான் மட்டும் போய் டேப்பைக் கொடுத்தேன். “பாட்டு நல்லாருக்கு பாப்பா. ஓட்டிட்டு, ரெண்டு போன் எடுப்போம், லைவ். பாடுன பிள்ள பேசும்லா?” ஒரு நொடி. அந்த மாடியில், நீலத் திரைக்கு முன்னால், அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டில் யாரோ பருப்பு தாளிக்கிறார்கள். கீழே ஆட்டோ. “பேசுவா சார்,” என்றேன். அன்றைக்கு ராத்திரி பிரம்முவின் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் பண்ணினேன். அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூச்சிரைக்க ஓடிவந்தாள். “பே... பேசணுமா பிள்ள?” “இல்லட்டி. பாட்டு மட்டும்தான். நீ சும்மா உக்காந்து சிரிச்சாப் போதும்.” இதைப் பொய் என்றே நான் அப்போது நினைக்கவில்லை. நான்தான் பக்கத்தில் இருப்பேனே. அவள் தொடங்குவாள், நான் முடிப்பேன், எப்போதும் போல. இப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்தேனா, அல்லது அப்படி நினைத்ததாகப் பின்னால் சேர்த்துக்கொண்டேனா? பதினாறு வருடம். எது முதலில் இருந்தது, எது பின்னால் ஒட்டியது என்று தெரியவில்லை.

பாட்டு ஓடியது. நாங்கள் இருவரும் நீல சோபாவில். அவள் என் சுடிதாரைப் போட்டிருந்தாள், மெரூன் நிறம், தோளில் கொஞ்சம் தொங்கியது. பாட்டு முடிந்ததும் போன் அடித்தது. ஒரு ஆண் குரல், தள்ளி எங்கேயோ இருந்து. “பாட்டு அருமையா இருக்கு தங்கச்சி. எந்த ஊரு நீங்க?” அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். நடத்துகிறவர் கேமராவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். “அவங்களே சொல்லட்டும்.” ‘ம’. எத்தனையோ ஊர் இருக்க அவளுக்கு ‘ம’வில் தொடங்கும் ஊர். “மூ...” என்றாள். “மூ... மூ...” கண்ணை இறுக மூடினாள். கழுத்து நரம்பு தெரிந்தது. ராகம் போடப் பார்த்தாள், வரவில்லை. “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்றது போன். யாரோ ஒருத்தன் டிவியைத் தன் மொபைலில் படம் பிடித்திருக்கிறான், நாற்பது நொடி. திங்கட்கிழமை மதியத்துக்குள் அது கல்லூரி முழுக்க. புளூடூத்தில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு. நான் மூன்று வாரம் வெயிலில் நடந்து ஏற்ற முயன்ற பாட்டைவிட நூறு மடங்கு வேகத்தில். பஸ்ஸில், கேன்டீனில், கெமிஸ்ட்ரி லேப் வாசலில் “மூ... மூ...” என்றார்கள். விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம்.

அந்த நாற்பது நொடியில் வலது ஓரத்தில் நான் இருக்கிறேன். பாதி முகம். பல் தெரிகிறது. இதுதான். இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறேன். சிரித்தேனா? பதற்றத்தில் சிலருக்கு அப்படி வாய் விரியும். எனக்கு விரியும். அம்மா இறந்த அன்றுகூட வந்தவர்களைப் பார்த்து விரிந்தது. அது சிரிப்பில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. அவள் பார்த்திருப்பாளே. அவள் கண்ணை மூடியிருந்தாள், எப்படிப் பார்த்திருப்பாள்? பிறகு அந்த வீடியோவில் பார்த்திருப்பாள். யாராவது அவளிடம் காட்டாமலா இருந்திருப்பார்கள். அதற்கப்புறம் எனக்கு நினைவில் இருப்பது அந்த வீட்டின் மாடிப்படி. படிக்குக் கீழே அய்யாத்துரை பைக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறான். “என்னாச்சுட்டி?” என்கிறான். எனக்கு வியர்த்து ஊற்றுகிறது. அவ்வளவுதான் நினைவு. அதற்குப் பிறகு பிரம்மு கல்லூரிக்கு வந்தாள். ஒரு நாள் விடாமல் வந்தாள். கடைசி செமஸ்டர் வரை அதே ஏழு பத்து பஸ்ஸில். டிபன்பாக்ஸில் ஒரு அடுக்கு குறைந்தது. “பேனா இருக்கா?” என்பாள். “நோட்டு தா” என்பாள். சண்டை இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. நான் போகவில்லை. சென்னையில் வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது வள்ளியூர்ப் பக்கம் ஒரு போஸ்ட் ஆபீஸில் இருக்கிறாள் என்று பழைய வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அய்யாத்துரை சொன்னான். அந்தக் குரூப்பில் அவளும் இருக்கிறாள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு பூ அனுப்புவாள். என் பிறந்தநாளுக்கும் அனுப்பினாள். ரோஜா. அதைத் தொட்டுப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், பூவில் என்ன எழுதியிருக்கப்போகிறது.

“கடைசியா லான்ச் மேம்,” என்கிறான் நிதர்சன். “ஆடிட்டோரியத்துல பாட்ட போடறோம். இன்ஸ்டால லைவ். பாட்டு முடிஞ்சதும் வெண்மதி ஆடியன்ஸ் கூட பேசறா. கேள்வி பதில். அதுதான் மேம் ஹைலைட்.” “நான் பேசல மேம்.” சின்னக் குரல். வெண்மதி இன்னும் தரையைத்தான் பார்க்கிறாள். “பாட்டு மட்டும்னுதான் சொன்னேன் இவன்கிட்ட.” இவளுக்குத் திக்கவில்லை. எந்தச் சொல்லும் தடையில்லாமல் வருகிறது. பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நிதர்சன் சிரிக்கிறான், கெட்ட சிரிப்பில்லை. “இவ எப்பவும் இப்படித்தான் மேம் சொல்லுவா. அன்னிக்கு மேடையில ஏத்திவிட்டா பேசிருவா மேம். நான் பக்கத்துலயே இருப்பேன்ல.” பேனாவின் மூடியைப் போடுகிறேன். எடுக்கிறேன். “அந்த வரிய அடிச்சிரு,” என்கிறேன். “எந்த வரி மேம்?” “கேள்வி பதில். அடி.” “மேம், அது இல்லாட்டி ரீச்...” “ரீச் ஆகாட்டிப் போகுது. அவ பேசலன்னு சொல்றா. நீ கேட்டியா அவகிட்ட? கேட்டு, அவ என்ன சொன்னாங்கறதக் கேட்டியா?” என் குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் நிற்கிறது. நிதர்சனின் முகம் சுருங்கிப் போகிறது. பாவம், அவனுக்கு இருபது வயது. நான் அவனிடமா கத்தினேன். “பாக்கியெல்லாம் நல்லாருக்குப்பா,” என்கிறேன் மெதுவாக. “ஷாட் லிஸ்ட் ரொம்ப நல்லாருக்கு. டேங்கர் தண்ணி மட்டும் வீணாக்காதீங்க. பத்து நிமிஷம் இருங்க, வந்துடறேன்.” எழுந்து போகும்போது வெண்மதி முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கிறாள். நான் நிற்கவில்லை.

வெளியே வராந்தாவில் வெயில் சாய்வாக விழுகிறது. போனை எடுக்கிறேன். குரூப்பில் அவள் பெயரைத் தொடுகிறேன், நம்பர் வருகிறது. மூன்று மணி பத்து. வேலை நேரம். எடுக்கமாட்டாள். எடுக்காமல் இருந்தால் நல்லது. ஒரு மெசேஜ் அனுப்பிவிடலாம், எழுத்தில் என்றால் யாருக்கும் கஷ்டமில்லை. யாருக்குக் கஷ்டமில்லை, எனக்கா அவளுக்கா? அழைப்பு போகிறது. நாலாவது ரிங்கில் எடுக்கிறாள். பின்னால் முத்திரை குத்துகிற சத்தம். முதலில் மூச்சு மட்டும். பிறகு, “ஜெ... ஜெசிந்தா,” என்கிறது குரல். கேள்வி இல்லை. தெரிந்துதான் எடுத்திருக்கிறாள். என் நம்பர் அவளிடம் இருந்திருக்கிறது. “பிரம்மு, வேலையா இருக்கியா?” “ஆளில்ல. சொல்லு.” சொல்லு என்றால் எங்கிருந்து? பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், எல்லாம் இருக்கிறது கேட்பதற்கு. ஒன்றையும் கேட்காமல் நேராக விழுந்துவிட்டேன். “அன்னைக்கு அந்த டிவில... நான் சிரிச்சேன் பிரம்மு. வேணும்னு சிரிக்கல. உங்கிட்ட போன் வரும்னும் சொல்லல. எனக்குத் தெரியும். முந்தின நாளே தெரியும்.” முத்திரைச் சத்தம் நின்றது. எங்கோ அவள் பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன்.

“சிரிச்சே,” என்றாள். “பாத்தேன்.” நான் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டேன். “அதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல பிள்ள. உனக்கு ப... பயந்தா அப்படித்தான் வாய் போவும். எனக்குத் தெரியாதா? வைவாவுலயும் அப்படித்தான் நின்னே.” “பின்னே?” “நீ எந்திச்சிப் போயிட்ட.” எனக்குப் புரியவில்லை. “எங்க?” “வெளிய. சோபாலருந்து எந்திச்சி, க... கேமராக்குப் பின்னால போயி, க... க... கதவத் திறந்து கீழ எறங்கிப் போயிட்ட. நான் கண்ணத் திறந்து பாக்கேன், பக்கத்துல நீ இல்ல.” மாடிப்படி. அய்யாத்துரை பைக்கில். என்னாச்சுட்டி என்கிறான். அந்த நேரத்தில் மேலே இன்னும் அது நடந்துகொண்டிருந்திருக்கிறது. முடிந்துவிட்டது என்றே இத்தனை வருடம் வைத்திருந்தேன். நாற்பது நொடியில் முடிந்துவிட்டது என்று. “அப்புறம்?” என்றேன். “அப்புறம் என்ன? நான் சொன்னேன்.” “என்ன சொன்னே?” “ஊரு பேரு.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “ரொம்ப நேரம் ஆச்சு. அந்த ஆளு போன வ... வக்கல. போன்ல பேசினவரு. பொறுமையா இருந்தாரு. மூலைக்கரைப்பட்டின்னு நான் சொன்னதும், அட, எங்க அத்தை வீடு அங்கனதாம்மான்னு சொன்னாரு. எந்தத் தெருன்னு கேட்டேன். சொன்னாரு. பேசிக்கிட்டே இருந்தோம். நிகழ்ச்சி நடத்துன சாருதான் நேரமாச்சுன்னு நிப்பாட்டுனாரு. அத ஒருத்தனும் படம் எடுக்கல.”

வராந்தாவின் அந்தக் கோடியில் யாரோ ஒரு மாணவன் கைப்பிடிச் சுவரில் தாளம் தட்டிக்கொண்டு போகிறான். நான் அந்த அறையை நினைத்துப் பார்க்கிறேன், நான் இல்லாத அந்த அறையை. நீல சோபாவில் தனியாக என் மெரூன் சுடிதாரில் ஒரு பெண், தெரியாத ஒருத்தரிடம் எந்தத் தெரு என்று கேட்கிறாள். என்ன முயன்றாலும் அவள் முகம் வரவில்லை. நான் பார்த்திருந்தால்தானே வரும். “கீழ வந்து உங்கிட்டச் சொல்லணும்னுதான் ஓ... ஓடி வந்தேன்,” என்றாள் பிரம்மு. “நீ அழுதுட்டு இருந்தே. ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல, மறந்துருன்னே. நீ எத மறக்கச் சொல்லுதேன்னு எனக்கு வெளங்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டேன். ரெண்டு வருசம் கோவம் இருந்துச்சு. அப்புறம் கல்யாணம், பிள்ளைக, வேலை. இப்ப நீ கேட்டதும்தான்...” “பிரம்மு,” என்றேன். வேறொன்றும் வரவில்லை. எனக்கும் சொல் வராத நேரம் உண்டு போலிருக்கிறது. அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. “நான் நின்னுருக்கணும்,” என்றேன் கடைசியில். “ஆமா,” என்றாள். அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். உப்பு கொஞ்சம் கூடுதல் என்பது மாதிரி. அந்த ‘ஆமா’ எனக்கு எப்படியோ நிம்மதியாக இருந்தது. இல்லை, பரவாயில்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் மறுபடியும் அந்த நாற்பது நொடிக்கே திரும்பிப் போயிருப்பேன்.

“இரு, ஆள் வந்திருக்காவ,” என்றாள். “வச்சிராத.” போனை மேஜையில் வைக்கிற சத்தம். ரிவ்யூ அறைக் கதவு திறந்து நிதர்சன் தலையை நீட்டி என்னைப் பார்க்கிறான். பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தேன். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டுகிறேன், கதவு மூடுகிறது. அங்கே ஒரு வயதான குரல் பிரம்முவிடம் ஏதோ பாஸ்புக்கைப் பற்றிக் கேட்கிறது. அவள் பதில் சொல்லத் தொடங்குகிறாள். ஒரு சொல்லில் நிற்கிறாள். அந்தக் குரல் அவசரப்படவில்லை, இவளிடம் வந்து பழகிய ஆள் போலிருக்கிறது. முத்திரை இரண்டு தடவை விழுகிறது. அவள் மறுபடி தொடங்குகிறாள். நான் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன்.